தமயந்தியின் முதுகு

உயிர் இல்லையாம். வசனத்தை மூன்று தடவை சொல்லியாகிவிட்டது, மூன்று தடவையும் உயிர் இல்லையாம். "வார்த்தையெல்லாம் கரெக்டா இருக்குக்கா, ஆனா கேக்கறப்ப பொய்யா இருக்கு" என்கிறான் துவாரகேஷ், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வாயில் பாதி சமோசாவோடு. இவன் டைரக்டர். இவன் பிறப்பதற்கு முன்பே நான் இந்தக் குரல் கொடுக்கும் தொழிலுக்கு வந்துவிட்டேன். மங்கையர்க்கரசி என்று அப்பா ஆசையாக வைத்த பெயரை அரசி என்று சுருக்கி, பின்னால் ஓர் அக்காவையும் சேர்த்து, சாலிகிராமத்தில் எந்த டப்பிங் தியேட்டருக்குப் போனாலும் அரசியக்கா அரசியக்கா என்று வாட்ச்மேனிலிருந்து எல்லாரும் கும்பிடுகிறார்கள். கும்பிட்டுவிட்டு உயிர் இல்லை என்கிறார்கள். "சேனல்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன், அப்படியே உக்காந்திருங்கக்கா" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டுவிட்டான். உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் மைக்கில் விழும் என்று ஏசியை அணைத்துவிட்டார்கள். சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த அறை, ஒரு ஸ்டூல், ஒரு மைக், ஒரு பாட்டில் வெந்நீர், காதை அழுத்துகிற ஹெட்போன், முதுகில் வழிகிற வியர்வை. மணி பதினொன்றே கால். காலையில் இரண்டு இட்லியோடு கிளம்பி வந்தது.

எதிரே திரையில் தமயந்தி நிற்கிறாள். அப்படியே உறையவைத்திருக்கிறார்கள். முகம் இல்லை, முதுகுதான். கடுகு நிற ஸ்வெட்டர், இழுத்துக் கட்டிய ஒற்றைக் குதிரைவால், வலது கையில் போன், ஜன்னலுக்கு வெளியே மழை. அது மழை இல்லை, பூந்தமல்லி பங்களாவின் மாடியில் ஒருவர் தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், எனக்குத் தெரியும், அந்த ஷூட்டிங்குக்கு நான் ஒரு நாள் போயிருந்தேன். குரல் கொடுக்கிறவர்கள் ஷூட்டிங்குக்குப் போகவே மாட்டார்கள், யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். நானாகப் போனேன். போய் ஓர் ஓரமாக நின்று பார்த்தேன். சித்திரை வெயிலில் தமயந்தியாக நடிக்கிற அந்த ஈஷா என்ற பெண் ஸ்வெட்டரும் கழுத்துத் துணியும் போட்டுக்கொண்டு அயர்லாந்துக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். போபால்காரப் பெண், தமிழ் ஒரு எழுத்து தெரியாது, பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வாள், அதற்கு மேல் நான் இங்கே உட்கார்ந்து பேசுவேன். நல்ல பெண். "யூ ஆர் மை வாய்ஸ்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் ஸ்வெட்டர் முழுக்க வியர்வை நாற்றம். எனக்கு என்னவோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இந்த வயதில் என்ன அசட்டுத்தனம்.

'டப்ளின் தமயந்தி.' திங்கள் முதல் வெள்ளி வரை, இரவு ஒன்பதரை, அரை மணி நேரம், அதில் பாதி விளம்பரம். நகைச்சுவைத் தொடர் என்று போட்டார்கள். புருஷன் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, முப்பத்து நான்கு வயதில் ஒரு பெட்டியோடு அயர்லாந்தில் டப்ளினுக்குப் போய் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற பெண்ணின் கதை. முதல் நாளே சாம்பாருக்குத் தாளிப்பாள், கடுகு வெடித்த புகையில் கூரையில் இருக்கிற மணி அலறி, இரண்டு தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். அந்த ஆறடி ஆட்களுக்கு எல்லாம் அவள் இலையே இல்லாமல் தட்டில் சாதம் போட்டு சாம்பார் ஊற்றுவாள். நான் பேசிக்கொண்டே சிரித்துவிட்டேன், ஒலி எடுக்கிற மரியதாஸ் அந்தச் சிரிப்பை அழிக்காமல் அப்படியே வைத்துவிட்டார், அதுதான் அவள் சிரிப்பு என்று ஆகிவிட்டது. எழுதியவள் சாருலதா என்று ஒரு சின்னப் பெண், நிஜமாகவே அங்கே ஏழு வருஷம் இருந்தவள். குப்பைத் தொட்டிக்கு மூன்று நிறம், எந்தக் கிழமை எந்த நிறம் என்று தெரியாமல் தமயந்தி ராத்திரி முழுக்க விழித்திருந்து பக்கத்து வீட்டுக்காரர் எதை வெளியே வைக்கிறார் என்று பார்ப்பாளே, அதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் யோசித்து வருமா? பட்டவளுக்குத்தான் வரும். என்னைக் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டபோது இவன், இந்த சமோசா, "அக்காவுக்கு வயசு அம்பத்து மூணு ஆச்சே" என்றானாம். சாருலதா கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னாளாம். ஐம்பத்து மூன்று என் முழங்காலுக்கு. குரலுக்கு இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் கதாநாயகி அவள். அதற்கு முன்னால் எல்லாம் அம்மா, மாமியார், நாத்தனார், இரண்டு பேய்.

முப்பத்தோரு எபிசோடு. முப்பத்தொன்றுதான். வியாழக்கிழமை ரேட்டிங் வருமாம், வந்ததாம், சரியில்லையாம். "குடும்பப் பெண்கள் ஏத்துக்கல" என்று சேனலில் சொன்னார்களாம். யார் அந்தக் குடும்பப் பெண்கள்? எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? அவர்களிடம் போய்க் கேட்டது யார்? ஒரு பெண் தனியாக ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, தனக்கு மட்டும் ஒரு தம்ளர் காப்பி போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நின்று குடிப்பதைப் பார்த்து எந்தக் குடும்பப் பெண்ணுக்கு வயிறு எரிந்தது? எரிந்திருந்தால் அது வேறு எரிச்சல். ஐந்தாம் வாரம் சாருலதாவைத் தூக்கினார்கள். ஆறாம் வாரம் புருஷன் மனம் திருந்தி போன் பண்ண ஆரம்பித்தான். ஏழாம் வாரம், இதோ, முடிவு. அடுத்த திங்கட்கிழமையோடு சரி, செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த நேரத்துக்குப் பாம்பு வருகிறது, பழிவாங்குகிற பாம்பு. பாம்பு தனியாக இருக்கலாம், அதைக் குடும்பப் பெண்கள் ஏற்றுக்கொள்வார்கள். முடிக்கிறேன் என்றால் ஒரு சொல் சொல்லாமல் முடித்துத் தொலைக்கட்டுமே, எத்தனை தொடர் பாதியில் நின்றிருக்கிறது. இவர்களுக்கு அது போதாது. சுபம் போட வேண்டும். தமயந்தி புருஷனுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். அதை எடுக்க ஈஷா இல்லை, அவள் அடுத்த தெலுங்குத் தொடருக்கு ஹைதராபாத் போய்விட்டாள். போனால் என்ன, பழைய எபிசோடுகளைத் துழாவி முதுகு காட்டி நிற்கிற ஷாட் ஒன்றை எடுத்துவிட்டான் துவாரகேஷ். வாய் தெரியாத ஷாட்டில் எந்த வசனத்தையும் ஏற்றலாம், தொழிலில் எல்லாரும் செய்வதுதான், நானே எத்தனையோ முதுகுகளுக்குப் பேசியிருக்கிறேன், செத்துப்போன நடிகரின் முதுகுக்குக்கூட அவர் தம்பி வந்து பேசினார். முகம் வேண்டாம், உடம்பு வேண்டாம், அவள் சம்மதம் வேண்டாம். குரல் ஒன்று இருந்தால் போதும், அவளை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். அந்தக் குரல் நான்.

இந்த ஷாட் எது என்று இவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது. எனக்கு இருக்கிறது. ஒன்பதாவது எபிசோடு. குளியலறைக் குழாய் எட்டு நாளாக ஒழுகுகிறது. வாடகை வாங்குகிற வீட்டுச் சொந்தக்காரன் நாளை நாளை என்கிறான். தமயந்தி கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்ப்பாள், "ஐயா, தயவுசெய்து, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா" என்று ஆரம்பிப்பாள், சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு போனை எடுப்பாள். ஜன்னலுக்குப் போய் நின்று, "நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள ஆள் வரணும். வரலேன்னா நானே ஆள் கூப்பிட்டுப் பிரிப்பேன், அப்புறம் எதையும் எங்கிட்ட கேக்கக் கூடாது" என்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆணிடம் குரலை உயர்த்துகிறாள். அதை நான் பேசி முடித்ததும் மரியதாஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று கை தட்டினார். அந்த முதுகுதான் இது. பாருங்கள், தோள் இரண்டும் எப்படி நிமிர்ந்திருக்கின்றன. இடது கை எங்கே இருக்கிறது பாருங்கள். இடுப்பில் இருக்கிறது! இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு உலகத்தில் எவளாவது புருஷனிடம் மன்னிப்புக் கேட்பாளா? "தப்பு என்மேலதாங்க, என்னை மன்னிச்சிடுங்க, நான் வந்துடறேன்." இந்த முதுகுக்கு இந்த வசனம். பொய்யாக இருக்கிறது என்கிறானே, பொய் என் தொண்டையிலா இருக்கிறது? திரையில் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, சமோசா தின்கிற கண்ணுக்குத் தெரியவில்லை.

முதல் தடவை தொழில் முறைப்படி சொன்னேன், மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டு மருமகள் அழுகிற குரலில். இன்னும் கொஞ்சம் என்றான். இரண்டாவது தடவை மூக்கை உறிஞ்சினேன். இன்னும் என்றான். மூன்றாவது தடவை எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். எதற்கு என்னிடமே மறைப்பது. நிஜத்தில் சொன்ன மாதிரி சொன்னேன். கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த போன் கூண்டில், கார்டைச் செருகிவிட்டு, என் புருஷன் சபாபதியிடம் எப்படிச் சொன்னேனோ அதே மாதிரி. அழவில்லை. சமையல் வாயுவுக்குப் பதிவு பண்ணுகிறவள் நுகர்வோர் எண்ணைச் சொல்கிற மாதிரி. தப்பு என்மேலதாங்க. மன்னிச்சிடுங்க. வந்துடறேன். மூன்று வாக்கியம், நடுவில் மூச்சுகூட வாங்காமல். அப்படித்தான் சொல்வார்கள் துவாரகேஷ், நிஜமாகச் சொல்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அழுகிறவளுக்கு இன்னும் ஏதோ கேட்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும். எனக்கு அன்றைக்கு எதுவும் இல்லை. அதைத்தான் உயிர் இல்லை என்கிறான் இவன். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே காது மடல் வரைக்கும் சூடு ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

எட்டு மாசம் இருந்தேன் அங்கே. எட்டே மாசம். இருபத்தெட்டு வயது. அடித்தாரா, குடித்தாரா என்று கேட்பார்கள், இரண்டும் இல்லை, அதனால் எனக்குச் சொல்லவும் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஒரு படத்தில் கதாநாயகிக்குக் குரல் கொடுத்தேன், அவள் மழையில் நனைந்துகொண்டே "உங்கள நான் காதலிக்கிறேன்" என்பாள். அதைத் தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த சபாபதி நாற்பத்தோரு நாள் என்னிடம் பேசவில்லை. ஒரு மண்டலம் விரதம் இருந்த மாதிரி. உப்பு வேண்டுமென்றால் தட்டை விரலால் தட்டுவார். அடுத்த படத்துக்கு அறுபது நாள். வீட்டில் இரண்டு பேர், ஒருத்தருக்குத் தொழிலே பேச்சு, அந்த வீட்டில் பேச்சே இல்லை. அப்போதுதான் மலேசியாவில் தொலைக்காட்சிக்குக் குரல் கொடுக்க ஆள் வேண்டும் என்று வந்தது, போய்விட்டேன். அங்கேயே பிறந்து வளர்ந்த லெட்சுமியக்கா வீட்டு மாடியில் ஒரு அறை. ஒரு ஆள் படுக்கிற கட்டில். மூங்கில் கழியில் என் துணி மட்டும் காயும். காலையில் கீழே கடையில் ரொட்டிச்சானாய்க்கு, நம் பரோட்டா மாதிரிதான், மாவை வீசி வீசி அடிக்கிற சத்தத்தில் எழுந்திருப்பேன். வேலை முடிந்து வந்து யாரும் கேட்காமலே நானாகச் சத்தமாகப் பேசுவேன், சுவரோடு, விளக்கோடு, வானொலி அறிவிப்பாளர் மாதிரி "நேரம் மாலை ஆறு மணி, அரசி இப்போது டீ குடிக்கப் போகிறாள்" என்று. பைத்தியம் என்று லெட்சுமியக்கா சிரிப்பாள். "உனக்கென்னலா, வேலை இருக்கு, ரூம் இருக்கு, இங்கயே இரு" என்பாள். இருந்திருக்கலாம்! இருந்திருந்தால் யார் குடி முழுகிப்போயிருக்கும்?

அண்ணன் போன் பண்ணினான். வாரா வாரம் பண்ணினான். "தெருவுல தல காட்ட முடியல", "அம்மா சாப்பிடறதில்ல", "உன் ஒருத்தியால ரெண்டு தங்கச்சிங்க வாழ்க்கை". அவர்கள் இருவருக்கும் அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது, அதுகூட எனக்கு அப்போது சொல்லத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது, இருபத்தைந்து வருஷம் கழித்து இந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நல்ல பதிலாகத் தோன்றுகிறது. என்ன பிரயோஜனம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் இறங்கிப்போய் அந்தக் கூண்டுக்குள் நின்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சபாபதி. மூச்சு கேட்டது. என்னவோ சொல்லப் போகிறார் என்று போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "சரி. வர்றப்ப கோடாலித் தைலம் நாலு பாட்டில் வாங்கிட்டு வா" என்றார். வாங்கிக்கொண்டு போனேன். அதுதான் வேடிக்கை, வாங்கிக்கொண்டு போனேன்! அவருக்கு ஒன்று, அவர் ஆபீஸில் மூன்று பேருக்கு மூன்று. அப்புறம் இருபத்தோரு வருஷம், அவர் போய்ச்சேர்கிற வரைக்கும், வீட்டுக்கு யார் வந்தாலும் "நம்மாளு மலேசியாவெல்லாம் பாத்துட்டு வந்தவங்க" என்று ஒரு சிரிப்பு. கதாநாயகிக்குப் பேசுவதில்லை என்று நானே தியேட்டர் தியேட்டராகப் போய்ச் சொன்னேன். சாவுக்கு வந்தவர்கள், "நல்லவேளை, அன்னிக்குத் திரும்பி வந்தியே, கடைசி வரைக்கும் கூட இருந்தியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எது நல்லவேளை? யாருக்கு நல்லவேளை? அந்த இடத்தில் கேட்க முடியுமா, தலையை ஆட்டினேன்.

போன மாசம் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன், சர்க்கரைக்கு. கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டிருந்த பெண் நான் "மெதுவாம்மா" என்றதும் ஊசியை அப்படியே நிறுத்திவிட்டாள். ஜெனிட்டா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. "மேடம், நீங்க தமயந்திக்குப் பேசறவங்களா?" என்றாள். முப்பத்திரண்டு வருஷத்தில் என்னைக் குரலை வைத்து ஒருத்தர் கண்டுபிடிப்பது அதுதான் முதல் தடவை. ஊசி போட்டதே தெரியவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அவங்க திரும்பிப் போயிட மாட்டாங்கல்ல மேடம்?" என்றாள். எதற்கும்மா கேட்கிறாய் என்றேன். "எனக்கு அங்க, டப்ளின்லயே ஒரு ஆஸ்பத்திரில வேலை வந்திருக்கு. வீட்ல இன்னும் சொல்லல. சொன்னா தையத்தக்கான்னு குதிப்பாங்க" என்றாள். கழுத்தில் தாலி இருந்தது, மணிக்கட்டுக்கு மேல் ஒரு பழைய காயம் இருந்தது, எதையும் நான் கேட்கவில்லை. "போக மாட்டாம்மா" என்றேன். தமயந்தி குரலிலேயே சொன்னேன், ஜம்பமாக. கதை என் கையிலா இருக்கிறது, எந்தத் தைரியத்தில் சொன்னேன்? அடுத்த திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அந்தப் பெண் டிவி முன்னால் உட்கார்ந்து, அதே குரல், என் குரல், தப்பு என்மேலதாங்க என்று சொல்வதைக் கேட்கப் போகிறாளா? அண்ணன் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்ய வேண்டுமா, அதுவும் அரை மணி நேரத் தொடருக்காக, பாம்புக்கு வழிவிடுவதற்காக?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துவாரகேஷ் போனில் பேசிக்கொண்டே நடக்கிறான். சத்தம் வராது. ஆனால் நான் வாயைப் பார்த்துப் பேசியே வயிறு வளர்த்தவள், இத்தனை வருஷம் அதுதான் வேலை, ஆயிரம் வாய்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கெதிரே நின்றுகொண்டு என்னைப் பற்றிப் பேசினால் தெரியாதா? "வயசாயிடுச்சு சார்" என்கிறது அந்த வாய். "அழுகை வரமாட்டேங்குது." கொஞ்சம் கேட்கிறான். "பக்கத்து தியேட்டர்ல ஷர்மி இருக்கா, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்." மறுபடி கேட்கிறான். "மாமியாரையுமா சார்?" இதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பி, உடனே திரும்பிக்கொள்கிறான். மாமியார் என்றால் எட்டு மணித் தொடர், அதே சேனல், அதே கம்பெனி, நான்கு வருஷமாக என் சோறு அதுதான். பாலில் விஷம் கலக்கிறவள், மருமகளை மாடிப்படியில் தள்ளுகிறவள். அவளையும் என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். பயமாக இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது, பயமாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் வீட்டில் உட்கார்ந்தால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? பேசாமல் இருந்த வீடு ஒன்றைத் தாண்டி வந்து, மறுபடியும் பேச ஆள் இல்லாத வீட்டில் போய் உட்கார வேண்டும். மூன்று வாக்கியம், அரசி. மூக்கை உறிஞ்சிச் சொல்லிவிட்டுப் போயேன். கொலைகாரிக்குப் பேசினாய், நீ என்ன கொலையா செய்தாய்? தொழில்தானே. அன்றைக்கும் இப்படித்தான், மூன்று வாக்கியம்தானே, சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று படியிறங்கினேன்.

பொத்தானை அழுத்துகிறான். ஹெட்போனுக்குள் அவன் குரல் வந்துவிட்டது. "அக்கா, பேசிட்டேன். அழுகையோடதான் வேணுமாம். கூட ஒரே ஒரு லைன் சேத்துக்கலாம், 'நீங்க இல்லாம நான் ஒண்ணுமே இல்லைங்க.' அப்படியே தேம்பல், அப்படியே சுபம். போலாமாக்கா?" போகலாமாம். "இது எந்த ஷாட்டுன்னு ஞாபகம் இருக்கா தம்பி?" என்கிறேன். "எந்த ஷாட்டா இருந்தா என்னக்கா, முதுகுதானே, யாருக்குத் தெரியப்போகுது" என்கிறான். "அவ வீட்டு ஓனரத் திட்டற ஷாட்டு. கையப் பாரு." பார்க்கிறான். மரியதாஸும் பார்க்கிறார், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். "அத இருட்டாக்கிடலாம்க்கா, கிராஃபிக்ஸ்ல சொல்லிடறேன்" என்கிறான். கையை இருட்டாக்கிவிடுவானாம். எனக்குள் எதுவோ பட்டென்று விட்டுப்போகிறது. "நான் இதப் பேசல தம்பி" என்கிறேன். குரல் நடுங்கவில்லை, நன்றாக வந்தது, ஒரே டேக்கில். அவன் சிரிக்கப் பார்க்கிறான். "வெறும் வசனம்க்கா. நாலு வருஷமா விஷம் வெக்கற மாமியாருக்குப் பேசறீங்க, நீங்க என்ன விஷமா வெச்சீங்க?" "விஷம் நான் வெச்சதில்ல. ஆனா இத நான் சொல்லியிருக்கேன்." "எந்தப் படத்துலக்கா?" என்கிறான். நிஜமாகவே ஆர்வமாகக் கேட்கிறான், பாவம். "படத்துல இல்ல" என்கிறேன். அவனுக்குப் புரியவில்லை. மரியதாஸுக்குப் புரிந்துவிட்டது, அவர் கை ஒலிப்பதிவுப் பலகையின் மேல் அசையாமல் இருக்கிறது.

"அக்கா, அந்தத் தொடரும் போயிடும். நான் சொல்றேன்னு நெனைக்காதீங்க, மேல சொல்றாங்க." தெரியும் தம்பி, பார்த்தேன், உன் வாயில் பார்த்தேன். "எடுத்துக்கச் சொல்லு" என்று ஹெட்போனைக் கழற்றி மைக் கம்பியில் மாட்டுகிறேன். காது இரண்டும் திடீரென்று காலியாகின்றன. ஸ்டூலிலிருந்து இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது, அந்த வலிகூட இப்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது, இறங்குகிற நேரத்தில் கௌரவமாக இறங்கவிடாமல். கனமான கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் மரியதாஸ் அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், "சார், முப்பது எபிசோடு ஒரு குரல், கடைசில வேற குரல் வந்தா தெரிஞ்சிடும் சார்." அவன் டிஷ்யூவில் கையைத் துடைத்துக்கொண்டே, "அழுதா எல்லாப் பொம்பளைங்க குரலும் ஒண்ணுதான், மேட்ச் ஆயிடும்" என்கிறான். திரும்பிப் போய் ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் நிற்கிறேன். வேண்டாம். இவனுக்குச் சொல்வதற்கு நான் குரலைச் செலவழிக்கப் போவதில்லை.

வராந்தாவில் ஷர்மி எதிரே ஓடி வருகிறாள். இருபத்து மூன்று வயது, துப்பட்டாவைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டில். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போகிறது. "அக்கா, உங்க கேரக்டராமே. எனக்குத் தெரியாதுக்கா. நீங்க வேணாம்னு சொன்னா நான் போகலக்கா" என்று காலைத் தொடப் பார்க்கிறாள். பிடித்து நிறுத்துகிறேன். இவள்மேல் எனக்கென்ன கோபம், இவள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். "போய்ப் பேசும்மா" என்கிறேன். "உங்கள மாதிரியே பேசிடவாக்கா? எனக்கு உங்க குரல் நல்லா வரும், வீட்ல பேசிப் பேசிப் பாத்திருக்கேன்" என்கிறாள், கொஞ்சம் பெருமையாக, தொண்டையைச் செருமிக்கொண்டு. அதுதான் கூடாது. அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன், அழுத்தமாகவே பிடித்துவிட்டேன் போல, அவள் பயந்துபோய் என்னைப் பார்க்கிறாள். "எவ்வளவு வேணா அழு, ஆனா என்னை மாதிரி மட்டும் பேசாத. உன் குரல்லயே பேசு. எனக்காக." வாழ்த்து என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, கண் கலங்கத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடுகிறாள். கதவு மூடிக்கொள்கிறது, மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. பேசட்டும். மன்னிப்புக் கேட்கட்டும், தேம்பட்டும், விமானம் ஏறி வரட்டும். திங்கட்கிழமை கேட்கிறவர்களுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும், வந்து நிற்பவள் வேறு யாரோ என்று. தமயந்தி டப்ளினில்தான் இருக்கிறாள்.